சவூதியில் மழை

மாசி 18, ஞாயிறு

இந்த டயறி பாலேந்திரனுக்குச் சொந்தம். தைப்பொங்கலுக்கு இரண்டு மூன்று நாள் முன்புவரை அவனே எழுதியிருக்கிறான். பிறகு கண்ணிவெடி. இரண்டு கண்ணும் போய்விட்டன. ஆஸ்பத்திரியால் வந்தவன் இதை என்னிடம் நீட்டினான்.

"அக்கா, எனக்கு இனி எழுதின தாளும் வெறுந்தாளும் ஒண்டுதான். நீங்க எழுதுங்கோ. பின்னேரத்தில எங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ."

"நான் மூண்டாம் வகுப்படா."

"நல்லதாப் போச்சு. பெரிய சொல்லு ஒண்டும் வராது."

அதனால் எழுதுகிறேன். நான் எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் முடிப்பதற்குள் ஒரு பானை சோறு வெந்துவிடும்.

என் பெயர் வள்ளிநாயகி. இது திருகோணமலையில் துறைமுகத்தின் உட்கடல் ஓரமாக ஒரு ஓட்டு வீடு. காயப்பட்ட பெடியளுக்கு என்று இயக்கம் எடுத்துத் தந்தது. நான் சமையல். பாலேந்திரனைத் தவிர இன்னும் இரண்டு பேர். மரியதாஸுக்கு இடது கால் இல்லை. இயக்கத்துக்கு வரமுன் மீன்பிடித்தவன். குகனுக்கு வலது கால் தொடையோடு போய்விட்டது. இரண்டு பேருக்கும் பாதம் ஒரே அளவு. ஒரு சோடி செருப்பு வாங்கினால் இரண்டு பேருக்கும் காணும். "உங்களைக் கட்டுறவளுக்குச் சீதனமே வேண்டாமடா, செருப்புக் காசே மிஞ்சும்" என்று சொல்வேன். தாஸ் சிரிப்பான். குகன் இருபது வயசுப் பிள்ளை, வெட்கப்படுவான்.

எங்கள் பெடியள் இந்தியன் ஆமியோடு சேர்ந்து நின்று சண்டை பிடித்தவர்கள். வழி காட்டினார்கள், கூட நடந்தார்கள். இப்போது ஆமி தன் நாட்டுக்குப் போகப்போகிறது. ஆமி விட்டுப் போகிற இடங்களுக்கு மற்ற ஆக்கள் வருகிறார்கள். மற்ற ஆக்கள் என்றால் வேறு இயக்கம், அவர்களும் தமிழ்ப் பெடியள்தான். ஒரே பள்ளிக்கூடம், ஒரே கோயில். எங்கே தேட வேண்டும், யாரைத் தேட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அதுதான் கூடுதல் பயம்.

மாசி 20, செவ்வாய்

பொழுதுபடும் நேரம் நாய் குரைத்தது. மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டினார்கள். நான் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன்.

ஆடு.

"ஆடு வந்திருக்கு, உங்களைச் சரணடையச் சொல்லுது" என்றேன். தாஸ்தான் முதலில் சிரித்தான். மீன்குழம்புக்கு இரண்டாம் தரம் உப்புப் போட்டுவிட்டேன். ஒருவரும் சொல்லாமல் தின்றார்கள்.

மாசி 23, வெள்ளி

பகல் முழுக்க மழை. இந்த மழைக்கு அவன் எந்த மரத்துக்குக் கீழே நிற்கிறானோ.

மேலே எழுதினது என் மகன் கிருபாவைப் பற்றி. அவன் சவூதியில் வேலை செய்கிறான். அங்கே மரமும் இராது, மழையும் இராது. பழக்கமில்லாத கை, நினைத்ததை எல்லாம் எழுதிவிடுகிறது.

விறகு நனைந்து குசினி முழுக்கப் புகை. கண் எரிந்து முகம் வீங்கிவிட்டது.

மாசி 24, சனி

நேற்று எழுதினதை வாசித்தபோது முதல் வரிகளில் இருமல் வந்தது. விட்டுவிட்டு விறகிலிருந்து வாசித்தேன்.

மாசி 26, திங்கள்

இயக்க ஒபிஸிலிருந்து ஜீவா மோட்டார்சைக்கிளில் வந்தார். இறங்கவில்லை. என்ஜினை நிறுத்தவும் இல்லை.

"இந்தியாவுக்குக் கப்பல் போகுது அக்கா. எங்கட ஆக்களையும் ஏத்துறதுக்கு ஓம் எண்டிட்டினம். காயப்பட்டவை முதல். நாள் பிறகு சொல்லுவம், லொறி வரும். அதுவரைக்கும் ஒருத்தரையும் வெளியில விடாதேங்கோ."

"அங்க போய் எங்க இருக்கிறது?"

"அது தெரியாது. ஏதோ ஒரு கேம்ப். உயிரோட இருக்கலாம்."

"நானும் ஏறலாமோ?"

"நீங்க இல்லாட்டி இவங்களுக்கு ஆர் சோறு போடுறது?" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக்கொண்டு போனார்.

பெடியளுக்குச் சந்தோஷம். கடலில் இறங்காமல் கடல் தாண்டப் போகிற முதல் மீன்காரன் நீதான் என்று தாஸைக் கேலி செய்தேன். குகன் ஊன்றுகட்டைகளைத் துடைத்து வைத்தான். அவை நீல நிறம். ஒபிஸ் கதவுக்கு அடித்து மிஞ்சின பெயின்றை இயக்கத் தச்சன் எல்லாக் காயக்காரரின் கட்டைக்கும் அடித்துவிட்டான். சந்தையில் எங்கள் ஆக்களுக்கு "நீலக்கட்டைக்காரர்" என்றுதான் பெயர். முன்பு அந்தக் கட்டையைக் கண்டால் பஸ்ஸில் எழும்பி இடம் விடுவார்கள். இப்போது எழும்பி இறங்கிப் போகிறார்கள்.

பின்னேரம் முழுக்கப் பாலேந்திரன் ஒரே கேள்வி: "லொறி சத்தம் கேட்குதோ?" கண் இல்லாதவன் என்னிடம் சத்தம் கேட்கிறான். அவன் காதுக்கே கேட்காதது எனக்கு எங்கே கேட்கும்.

பங்குனி 1, வியாழன்

சந்தைக்குப் போனேன். மரவள்ளிக் கிழங்கு பொறுக்கிக்கொண்டு இருந்தபோது சைக்கிளில் ஒரு ஆள் வந்து பக்கத்தில் நின்றார். முப்பது வயசிருக்கும். சேர்ட்டை வெளியே விட்டிருந்தார். நான் பிறந்த ஊர்ப் பக்கத்தில் பார்த்த முகம்.

"அக்கா, உங்கட வீட்டில நீலக்கட்டையோட திரியிறவை எத்தினை பேர்?"

"எங்கட வீட்டில கட்டை எண்டா அடுப்பில கிடக்கிறதுதான் தம்பி" என்றேன். வைத்த கிழங்கையே திரும்பத் திரும்ப எடுத்தேன். அவர் அதைத்தான் பார்த்தார்.

பிறகு கேட்டார், "மகன் சவூதியில சுகமோ?"

"சுகம்."

"அப்பிடியோ" என்று சிரித்தார். பெடலில் கால் வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "இந்தக் கிழமைக்குள்ள எங்கயாவது சொந்தக்காரர் வீட்டை போய் நில்லுங்கோ அக்கா. உங்களுக்கு மட்டும்தான் சொல்லுறன். சொல்லச் சொன்னது."

அவருக்கு என்மேல் என்ன அக்கறையோ தெரியாது. யார் சொல்லச் சொன்னது என்று நான் கேட்கவில்லை. கிழங்கை எடுத்தேனா, காசு கொடுத்தேனா, ஒன்றும் நினைவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தபோது பையில் ஒன்றும் இல்லை.

இன்று வாசிக்கவில்லை. கண்ணுக்குள் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

பங்குனி 2, வெள்ளி

கட்டைகளை எரித்துவிட்டேன்.

நாலையும். காலையில் அவர்கள் கிணற்றடியில் குளிக்கும்போது எடுத்தேன். பெடியளைக் கிணற்றுக் கட்டின் மேல் இருத்திவிட்டு, கட்டை நனையக்கூடாது என்று நான்தானே ஒவ்வொரு நாளும் வாங்கி வைக்கிறேன். இன்றைக்கும் வாங்கினேன். நேரே குசினிக்குப் போய்க் கத்தியால் கொத்தி அடுப்பில் வைத்தேன். பெயின்ற் பச்சைச் சுவாலையாக எரிந்தது. வீடு முழுக்க ஒபிஸ் கதவு மணத்தது.

என் கணக்கு இதுதான். வீடு தேடி வந்தாலும் கட்டை இல்லாவிட்டால் இயக்க ஆக்கள் என்பதற்கு அடையாளம் இல்லை. ஷெல்லில் கால் போன பாவங்கள் என்று அழுது சொல்லலாம். எங்கள் ஊரில் ஷெல்லில் கால் போகாத வீடு எது? லொறி வந்தால் வாசலில் இருந்து தூக்கி ஏற்றிவிடலாம். இந்தியாவில் மரமா இல்லை, கட்டை செய்ய?

தாஸ் ஒற்றைக்காலில் துள்ளித் துள்ளிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து அடுப்பைப் பார்த்தான்.

"என்ன அக்கா செய்தனீங்க?"

"சோறு."

"நாங்க இனி என்ன, பறக்கிறதோ?"

"பறக்கிறவனை ஒருத்தரும் பிடிக்கேலாதடா."

ஒருவரும் சிரிக்கவில்லை. குகன் கிணற்றடியிலேயே ஈரத்தோடு இருந்தான். நான் முதுகில் தூக்கி வந்தேன். தூக்குவதற்கு அவனிடம் பாரமே இல்லை. காதுக்குப் பக்கத்தில் அவன் பல் கிடுகிடு என்று அடித்தது.

"குளிரோ?"

"இல்லையக்கா."

மத்தியானம் சோறு நல்லாய் வெந்திருந்தது. "உங்கட காலில சமைச்ச சோறடா, ருசி பாருங்கோ" என்றேன். சொன்ன பிறகுதான் அது பகிடி இல்லை என்று எனக்கே தெரிந்தது.

பங்குனி 3, சனி

கக்கூசுக்குத் தவழ்ந்து போகிறார்கள். நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

பங்குனி 5, திங்கள்

ஆமி ஆஸ்பத்திரியில் இருந்து முத்துப்பாண்டி வந்தார். மதுரைப் பக்கத்துப் பெடியன். கிழமைக்கு ஒருதரம் வந்து குகனுடைய புண்ணுக்கு மருந்து கட்டுகிறவர். இதுதான் கடைசித் தரம், ஆஸ்பத்திரியைக் கட்டி ஏற்றுகிறோம் என்றார். சொல்லும்போது பன்டேஜையே பார்த்துச் சொன்னார்.

"நாளைக்குக் காலைல லாரி வருதுக்கா. விடிஞ்சதும் ரெடியா இருங்க. மெயின் ரோட்டு முக்குல நிக்கும்."

"முக்கில எண்டா? வீட்டை வராதோ?"

"இந்த மணலுக்குள்ள லாரி எறங்குனா அம்புட்டுதான், பொதைஞ்சுரும். நாலு வீடு தள்ளித்தானக்கா. கம்பு இருக்குல்ல, நடந்துருவாங்க." சுற்றிப் பார்த்தார். "கம்பு எங்க?"

நான் அடுப்பைக் காட்டினேன். அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. மருந்துப் பையைப் பூட்டிக்கொண்டே சொன்னார், "வேற எடத்துலயும் ஆளு ஏத்தணும். லாரி ரொம்ப நேரம் நிக்காதுக்கா."

அவர் போன பிறகு உலக்கையை எடுத்துக் குகனுடைய அக்குளுக்குள் வைத்துப் பார்த்தேன். உயரம் காணாது. கொடிக்கம்பை வெட்டிக் குறுக்குக் கட்டை கட்டினோம். தாஸ் ஊன்றி இரண்டடி வைத்ததும் கயிறு அவிழ்ந்து விழுந்தான். எழும்பித் திரும்பக் கட்டினான். திரும்ப விழுந்தான். ஒரு சொல் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

பாலேந்திரன் கேட்டான், "அக்கா, இண்டைக்கு டயறி வாசிக்கேல்லையோ?"

"இண்டைக்கு எழுத ஒண்டும் இல்லையடா."

நாய் குரைத்தது. வாசலுக்குப் போனேன். ஒருவரும் இல்லை.

பங்குனி 7, புதன்

கப்பலில் இருந்து எழுதுகிறேன். கப்பல் ஆடுகிறது. அதனால் எழுத்து இப்படி.

நேற்று விடிகிற நேரம் வெளிக்கிட்டோம். குகனை முதுகில் ஏற்றினேன். பாலேந்திரன் என் சேலைத் தலைப்பைப் பிடித்தான். தாஸ் பாலேந்திரனுடைய தோளில் கைபோட்டு, மற்றக் கையில் உலக்கையை ஊன்றினான். நாலு வீடு என்று முத்துப்பாண்டி சொன்னது நடக்கிறவனுடைய நாலு வீடு. மணலில் உலக்கை முழம் முழமாக இறங்கியது. அதைப் பிடுங்க நிற்பான், பாலேந்திரன் தடக்குவான், நான் இழுபட்டு விழப் போவேன்.

லொறியின் ஹோர்ன் கேட்டது.

"வாறம், வாறம்" என்று கத்தினேன். கத்தினது வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. பெலத்துக் கத்தினால் வேறு யார் கேட்பார்களோ என்று பயம். திரும்ப ஹோர்ன். நாங்கள் பக்கத்து வீட்டுக் கிணற்றைக்கூடத் தாண்டவில்லை. பிறகு என்ஜின் உறுமி, கியர் மாறி, சத்தம் தேய்ந்து போனது. பாலேந்திரன் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டு நின்றான்.

"போயிட்டுது அக்கா" என்றான்.

குகன் என் முதுகில் இருந்து இறங்கி மணலில் இருந்தான். நானும் இருந்தேன். நாலு கட்டை. நான் எரிக்காமல் விட்டிருந்தால் இப்போது லொறிக்குள் இருந்திருப்பார்கள். பகிடி ஒன்றும் வரவில்லை.

பக்கத்து வீட்டுச் செபமாலை முட்டுக்காலில் கைவைத்து எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மீன் விற்கிறவள். மூன்று கிழமையாக எங்களோடு கதைக்காதவள்.

"றோட்டால போகாதேங்கோ" என்றாள். "விடியமுன்னமே மதகடியில மூண்டு சைக்கிள் நிக்குது. லொறி நிண்டபடியா ஒதுங்கி நிண்டவங்கள். இனி வருவாங்கள்."

தாஸ் மணலில் இருந்தபடி அவளுடைய வளவுக்குப் பின்னால் பார்த்தான். அங்கே கரையில் அவள் புருஷனுடைய வள்ளம் கவிழ்த்துக் கிடந்தது.

"அக்கா" என்றான் தாஸ், "வள்ளத்துக்குக் கால் தேவையில்லை. கைதான் வேணும். எனக்கு ரெண்டு கையும் இருக்கு."

செபமாலை அவனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "என்ர மனுசன் கேட்டா களவு போச்சுது எண்டு சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்த் துடுப்பு இரண்டையும் கொண்டுவந்து போட்டாள். போட்டுவிட்டு வள்ளத்தின் மறு நுனியைத் தூக்க அவளே வந்து நின்றாள்.

தண்ணீரில் இறங்கினதும் தாஸ் வேறு ஆள் ஆகிவிட்டான். "இங்கால இரும், அங்கால சாயாதை, தலையைப் பணி." என்னையும் அதட்டினான். கண் தெரியாத பாலேந்திரனுக்கு ஒரு துடுப்பைக் கொடுத்து, "நான் இழுக்கிற சத்தத்துக்கு இழு" என்றான். இழுத்தான். நல்லாய் இழுத்தான். குகன் சிரட்டையால் தண்ணீர் இறைத்தான். எனக்கு ஒரு வேலையும் இல்லை. பின்னால் கரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். சைக்கிள்கள் எங்கள் வீட்டு வாசலில் சாத்திக் கிடந்தன. நாய் குரைப்பது தண்ணீருக்கு மேலால் கேட்டது. ஆட்கள் கரைக்கு வந்து நின்றார்கள். மூன்று பேர். முகம் தெரியாத தூரம். அதில் ஒருவன் உயரம். நிற்கும்போது ஒரு தோளைச் சரித்து நின்றான். சுடுவார்கள் என்று குனிந்து இருந்தோம். சுடவில்லை. ஏன் சுடவில்லை என்று எனக்குத் தெரியாது.

கப்பல் நின்ற இறங்குதுறைக்குக் கிட்டப் போனபோது அடுத்த பயம். மேலே நின்ற ஆமிக்காரர் துவக்கை நீட்டிக் கத்தினார். என்ன பாஷையோ விளங்கவில்லை. துவக்கு விளங்கியது. விடியப்புறம் வள்ளத்தில் வருகிறவர்களை யாரென்று அவருக்கு எப்படித் தெரியும். நான் கையைத் தூக்கினேன். அவர் இன்னும் பெலத்துக் கத்தினார். தாஸ் துடுப்பை விட்டுவிட்டான். வள்ளம் தன்பாட்டில் கிட்டக் கிட்டப் போனது.

"அவையள் உங்களை அடையாளம் பிடிக்க வேணுமே, கட்டைகூட இல்லையே" என்று அழுதேன்.

அப்போது குகன் சாரத்தை உயர்த்தினான். வெட்கப்படுகிற பிள்ளை, குளிக்கும்போதும் துவாயால் மூடுகிறவன், தொடை முடிகிற இடத்தை வள்ளத்து விளிம்புக்கு மேலே தூக்கிக் காட்டினான். புதுப் பன்டேஜ் வெள்ளையாய்த் தெரிந்தது. தாஸும் தன் காலைத் தூக்கினான். பாலேந்திரன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சத்தம் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினான்.

துவக்கு உடனே இறங்கவில்லை. ஆனால் கத்துவது நின்றது. யாரோ ஓடுகிற சத்தம். பிறகு அந்த மதுரைக் குரல்.

"என் கட்டுத்தான். அது நான் போட்ட கட்டு. சுட்றாதீங்க." பிறகு அதையே மற்றப் பாஷையில் சொன்னார் போல. "ஏக்கா, லாரில வரச் சொன்னா தோணில வர்றீங்க."

முத்துப்பாண்டிதான் இறங்கி வந்து குகனைத் தூக்கினார். நான் ஏறும்போது கால் மடிந்துபோனது. இரண்டு காலும் இருக்கிற எனக்குத்தான் கடைசியில் ஆள் பிடிக்க வேண்டியிருந்தது.

இப்போது கரை தெரியவில்லை. எங்கே இறக்குவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் கேள்விப்படாத ஏதோ ஊர், தமிழ் தெரியாத இடம் என்று கதைக்கிறார்கள். அங்கே அரிசி எப்படியோ, ஆட்கள் எப்படியோ. பயமாக இருக்கிறது. பழைய பயம் போய்ப் புதுப் பயம், அவ்வளவுதான். பழையது முழுக்கப் போகவும் இல்லை.

தாஸும் குகனும் சாக்குக் கட்டுகளில் சாய்ந்து நித்திரை. நடுவில் அந்த ஒரு சோடி செருப்பு. இவ்வளவுக்கும் அதை ஒருவன் மறக்காமல் மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். பாலேந்திரன் விழித்திருந்தான்.

"அக்கா, எழுதுறீங்களோ?"

"ஓம்."

"உங்களுக்கு ஊரில நிக்க இடம் இருந்திருக்குமே. ஏன் வந்தனீங்க?"

"கட்டையை எரிச்சது நான். கட்டைக்குப் பதிலா ஒரு ஆள் வேண்டாமோடா."

அவன் சொன்னான், "உங்கட மகனுக்கு ஒரு வரி எழுதி வையுங்கோ."

"சவூதிக்கோ?"

"ஓம். சவூதிக்குத்தான்." குரலை இறக்கினான். "நாய் குரைச்சா நாங்க மூண்டு பேரும் சுவரோட ஒட்டுவம். நீங்க மட்டும் வாசலுக்கு ஓடுவீங்க. ஏனெண்டு நான் ஒருநாளும் கேட்கேல்லை. சவூதியில மழை பெய்ஞ்ச மாதிரி, அந்த மழை நாளில நீங்க ஏன் குசினியில அழுதனீங்க எண்டும் கேட்கமாட்டன்."

இவன் கண்ணுக்கு வைத்த வெடியை யாருடைய கை வைத்ததென்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை என்று எழுத வந்தேன். அது பொய். சோறு ஊட்டின ஒவ்வொரு நேரமும், என் பிள்ளையின் கையோ என்று யோசித்தேன்.

அவன் கையை நீட்டித் துழாவினான். என் தலையில் பட்டது. அங்கேயே வைத்திருந்தான்.

கிருபா ராசா, அம்மா கப்பலில் இருக்கிறேன். நீ சொல்லிவிட்ட சொல் கிடைத்தது. சொந்தக்காரர் வீட்டில் நிற்கச் சொன்னாய். அவர்களோடுதான் நிற்கிறேன். கரையில் தோளைச் சரித்து நின்றது நீதான் என்றால், சுடாமல் விட்டதற்கு அம்மா உன்னைக் கும்பிடுகிறேன். நீ இல்லையென்றால், எங்கே இருந்தாலும் மழையில் நனையாதே.

பின்னேரம் மற்ற இரண்டு பேரும் எழும்பினதும் இதை வாசிக்க வேண்டும். துவக்குக்கு முன்னால் போனதைவிட இது பயமாக இருக்கிறது. கேட்டுவிட்டு அவர்கள் முகத்தைத் திருப்பினால் இந்தக் கப்பலில் எனக்கு வேறு யாரும் இல்லை.

ஆனாலும் வாசிப்பேன். முதல் நாளிலிருந்து, இருமாமல்.